பள்ளித் தோட்டம் போடப் போறீங்களா? முதலில் மண்ணைச் சோதிங்க!

ஆசிரியர் பட்டயப் படிப்பு படிக்கிறீங்களா? கற்பித்தல் பயிற்சிக்கு சடையங்குப்பம் மாதிரி ஒரு ஊர்ப் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு காய்கறித் தோட்டம் போடணும்னு ஆசையா? அப்படியானால் இதைப் படிச்சிட்டுப் போங்க.

ஆசிரியருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியணும் என்பது புது யோசனை இல்லை. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலும் விவசாயமும்தான் பாடத்தின் மையம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில் அந்த முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க 2019-ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஆனால் காந்திகிராமத்து மண் வேறு, சடையங்குப்பத்து மண் வேறு. பூண்டி ஏரியைத் திறக்கும்போது வரும் வெள்ள எச்சரிக்கையில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீங்க. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடப் போகிற இடம். ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். குழி தோண்டிப் போட்ட விதை முளைக்கலைன்னா, 'நமக்கு விவசாயம் வராது'ன்னு பிள்ளைகள் முடிவு கட்டிடுவாங்க. அதுதான் பெரிய நஷ்டம்.

அதனால் முதல் பாடம் பரிசோதனை. நாலைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரை கிலோவை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்க. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்க. உப்பு நிலை, கார அமில நிலை, சத்துகள் தெரிந்துவிடும். ஈயம் போன்ற உலோகங்கள் மட்டும் இந்தச் சாதாரணச் சோதனையில் தெரியாது. கீரைகள் அவற்றை உறிஞ்சக்கூடியவை. எனவே ஆலைகளுக்குப் பக்கத்தில் தரையில் கீரை வேண்டாம், பையில் போடுங்க.

இதற்குத்தான் தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டத் தொகுப்பு. செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரங்கள், கையேடு எல்லாம் மானிய விலையில் கிடைக்கும். நார்க் கட்டியை ஊறவைத்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்க. அதிலேயும் உப்பு இருக்கும். பிறகு மக்கிய உரம் கலக்கணும்.

எதை விதைப்பது? முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துடும், உங்கள் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே பிள்ளைகள் அறுவடை பார்த்துடலாம். தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் கொத்தவரை தாங்கும். வெங்காயம், முள்ளங்கி தாங்காது. ஆடியில் தொடங்கினால் மழைக்கு முன் பைகளை மேலே ஏற்றத் தயாராக இருங்க. வெள்ளம் வடிந்த பிறகு தை மாதத்தில் தொடங்குவது இந்தப் பகுதிக்கு இன்னும் வசதி.

தோட்டக்கலைத் துறை இணையதளத்தில் பதிவு செய்யலாம். ஆதார் விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. விலையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. தொகுப்பு இருப்பில் இல்லையா? பழைய அரிசிச் சாக்கில் அடியில் நாலு ஓட்டை போட்டு ஆரம்பிச்சிடுங்க.