உங்களுக்குத் தெரியுமா? ஆயுளுக்கு ஓர் எழுத்து

சீனப் பீங்கான் கிண்ணங்களிலும் பட்டுத் துணிகளிலும் வட்டத்துக்குள் சிக்குக்கோலம் போட்டதுபோல் ஒரு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அலங்காரமல்ல, 'ஷோ' என்ற எழுத்து. நீண்ட ஆயுள் என்று பொருள்.

சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய சோவ் வம்சத்து வெண்கலப் பாத்திரங்களிலேயே இது இருக்கிறது. மேல்பாதி முதியவரைக் குறிக்கும். கீழ்ப்பாதி உச்சரிப்பைக் காட்டும். பழைய வடிவத்துக்கு 14 கோடுகள். இன்று சீனாவில் எழுதுவதற்கு 7 போதும்.

ஒரே எழுத்தை நூறு விதமாக எழுதி வாழ்த்துவது சீனர் வழக்கம். குவாங்ஷி மாநிலத்தின் யோங்ஃபூ வட்டாரத்தில், 1229-இல் ஒரு பாறையில் பெரிய 'ஷோ' ஒன்றைச் செதுக்கினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அதன் கோடுகளுக்குள்ளேயே நூறு சின்ன 'ஷோ'க்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கல்லில் இவ்வளவு பொறுமை அபூர்வம்!

பிறந்தநாள் வாழ்த்தில் வரும் இதே எழுத்து சாவுக்கும் உண்டு. முதியவருக்காக முன்கூட்டியே செய்துவைக்கும் சவப்பெட்டியும், இறந்தவருக்கு உடுத்தும் துணியும் இந்த எழுத்தைச் சேர்த்தே அழைக்கப்படுகின்றன. ஜப்பானில் 'சுஷி' என்பதை எழுதவும், மங்கலம் கருதி, இதையே பயன்படுத்துகிறார்கள்.

ஆயுளுக்கென்று சீனர்களுக்கு ஒரு தெய்வமும் உண்டு: புடைத்த நெற்றி, வெண்தாடி, கையில் பீச் பழம். அவருக்குரிய விண்மீன் கனோபஸ். பெய்ஜிங்கில் அது உதிப்பதே இல்லை. நாம் அகத்தியர் என்று அழைக்கும் விண்மீனும் அதுதான். பிப்ரவரியில் இருட்டியதும் தெற்கே பாருங்கள், நம்மூரில் நன்றாகவே தெரியும்.