உள்ளத்தை அளந்தறியும் பாடம்

ஒருவரது முகத்தைக் கண்ட மாத்திரத்தே அவரது மனத்தில் உள்ளதைக் கூறிவிடும் வித்தையே உளவியல் என எண்ணுவோர் பலர். பாடசாலையின் இறுதி வகுப்புகளில் இதனை ஒரு பாடமாகத் தெரிந்தெடுக்கும் மாணவருள்ளும் அவ்வெண்ணத்தோடு வருவோர் இல்லாமலில்லை. ஆனால், பிறர் மனத்தை அறிய வந்த மாணவன், தன் மனத்தையே எளிதில் நம்பலாகாது என்பதைத்தான் முதலிற் கற்கின்றான்.

இங்கிலாந்தில் பதினாறு முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவர் உயர்தரப் பரீட்சைக்குப் பெரும்பாலும் மூன்று பாடங்களைத் தெரிந்தெடுப்பர். அண்மை ஆண்டுகளில் கணிதத்துக்கு அடுத்தபடியாக அங்கு மிகுதியானோர் தோற்றிய பாடம் உளவியலாகும். நினைவு, சமூகச் செல்வாக்கு, குழந்தையின் பற்றுறவு, உளநோய், ஆராய்ச்சி முறை ஆகியன பரவலாகப் பயிலப்படும் பகுதிகள். புள்ளிகளுள் நூற்றுக்குப் பத்தேனும் கணிதத் திறனுக்கு உரியவை. கதை கேட்பதுபோல் இருக்கும் என்று வந்தோர் திகைப்பது இவ்விடத்திலேதான்.

உள்ளத்தை அளப்பதற்குக் கணிதம் எவ்வாறு உதவும்? ஜெர்மனிய அறிஞர் எபிங்கௌஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் தக்க விடையாகும். பொருளற்ற அசைகளைக் கோவையாக அமைத்து, அவற்றைத் தாமே மனனஞ் செய்தார் அவர். பின்னர், மறந்தவற்றை மீண்டும் கற்பதற்கு எவ்வளவு நேரம் மிச்சமாகின்றது எனக் கணித்தார். ஏறத்தாழ இருபது நிமிடங்களின் பின் மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு நாளின் பின் 34. ஒரு மாதத்தின் பின் 21. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. பரீட்சைக்கு முந்திய இரவில் விழித்திருந்து படிப்பதிலும், இடைவெளி விட்டுப் பலமுறை மீட்டுப் படிப்பதே நிலைக்கும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

மறதி ஒருபுறமிருக்க, நினைவு திரிபடைவதும் உண்டு. அமெரிக்காவில் லொப்டஸ், பாமர் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் 150 மாணவருக்கு வாகன விபத்தொன்றின் படத்தைக் காட்டினர். வாகனங்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என ஐம்பதின்மரிடமும், ‘மோதியபோது’ என்ன வேகம் என வேறு ஐம்பதின்மரிடமும் வினவினர். எஞ்சியோரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரத்தின் பின், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டபோது, முதற் பிரிவில் 16 பேரும் இரண்டாம் பிரிவில் 7 பேரும் மூன்றாம் பிரிவில் 6 பேரும் ஆம் என்றனர். படத்திலோ உடைந்த கண்ணாடி இல்லை. நீதிமன்றச் சாட்சியம் முதல் வீட்டுச் சச்சரவு வரை, கேள்வியின் ஒரு சொல் எத்துணை வலியது என்பதை மாணவன் இங்கு உணர்கின்றான்.

அறிவைத் தேடும் முறையும் நெறி தவறலாகாது. மில்கிராம் 1963இல் வெளியிட்ட பரிசோதனையில், கட்டளைக்குப் பணிந்து நாற்பதின்மருள் 26 பேர் மற்றொருவருக்கு 450 வோல்ற்று மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்தினர். உண்மையில் அந்த மற்றவருக்கு அதிர்ச்சி எதுவும் கொடுக்கப்படவில்லை. எனினும், ஏமாற்றப்பட்டோர் அடைந்த மனவேதனை நியாயமா என்ற வினாவும் பாடத்தின் ஒரு பகுதியே.

இப்பாடத்திலே ஓர் இடரும் உண்டு. உளநோய்களின் அறிகுறிகளைப் படித்த இளைஞன், தோழனுக்கு நோயின் பெயரைச் சூட்ட முற்படலாம். தன் துயருக்கு மருந்தை நூலிலேயே தேடலாம். வகுப்பறை வைத்தியசாலையன்று. துயருற்ற மாணவனை உரிய வைத்தியரிடத்து ஆற்றுப்படுத்துவது ஆசிரியரின் கடன்.

உளவியலைப் பல்கலைக்கழகத்திற் பயில விரும்புவோர் அதனைப் பாடசாலையிலேயே கற்றிருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் விதிப்பதில்லை. இலங்கையில் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் பயிலும் மாணவனுக்குக் கருதுகோள், பரிசோதனை, சான்று என்பன புதியனவல்ல. அவன் இருபது பொருளற்ற அசைகளை எழுதி, இன்று மனனஞ் செய்து, நாளை மீண்டும் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு தாளும் கடிகாரமும் போதும்.