பூதலூரில் இரவுச் சாப்பாடு: உரிமை, ஆபத்து, முறையீடு

பூதலூர், தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையே ரயில் பாதையில் உள்ள வட்டத் தலைமையிடம். கல்லணையில் பிரிகிற வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பாயும் நெல் வட்டாரம். இரவு பத்து மணிக்கு மேல் இந்தப் பக்கம் பசியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக விழித்திருப்பவர்கள். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் மெஷின் ஓட்டுநர்கள் வயலிலிருந்து கரையேறவே நேரமாகிவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்த விவசாயி மழைக்கும் திருட்டுக்கும் பயந்து குவியலருகிலேயே படுத்துக்கொள்கிறார். மூட்டை தூக்குபவர்களும் லாரி ஓட்டுநர்களும் உடன் இருக்கிறார்கள். கடைசி ரயிலில் இறங்குபவர், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் உறவினர் என்று இன்னும் சிலர். இவர்கள் கடையைத் தேர்ந்தெடுப்பதில்லை. திறந்திருக்கும் கடையில் சாப்பிடுகிறார்கள். கடை கிடைத்ததே பெரிது என்ற நினைப்பில் விலை, சுத்தம், மரியாதை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். பகலில் உள்ள உரிமை எதுவும் இரவில் குறைவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இப்படியொரு ஊரில் இரவு உணவுக்கு மூன்று வழிகள் உண்டு. ரயிலடி, பேருந்து நிறுத்தம், கடைத்தெரு ஆகிய இடங்களில் உள்ள டிபன் கடை, பரோட்டா கடை, தள்ளுவண்டி ஆகியவை முதல் வழி. வட்டத்தின் தெற்கே செங்கிப்பட்டி வழியாகச் செல்லும் திருச்சி–தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையின் ஓட்டல்கள் இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். கடைத்தெருவில் அடுப்பு அணைந்த பிறகும் நெடுஞ்சாலையில் விளக்கு எரிவதற்கு வியாபாரத்தோடு சட்டமும் ஒரு காரணம். தமிழ்நாடு அரசு 2019இல், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. மூன்றாண்டுக்கான அந்த அனுமதி 2022இலும் 2025இலும் நீட்டிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒரு பரோட்டா மாஸ்டரும் நடத்தும் கடை அந்த அளவுகோலுக்குள் வராது. சிற்றூரில் இரவுப் பசிக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்தச் சின்னக் கடைதான் என்பதால், இது சட்டம் கவனிக்கத் தவறிய இடம் என்றே சொல்ல வேண்டும்.

அதே ஆணையில் தொழிலாளர்களுக்கான நிபந்தனைகளும் உண்டு. ஒரு நாளில் எட்டு மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம் வேலை. மிகைநேர வேலையைச் சேர்த்தாலும் நாளொன்றுக்குப் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. எழுத்துமூலம் சம்மதம் தராத பெண்ணை இரவு எட்டு மணிக்கு மேல் வேலையில் வைத்திருக்க முடியாது. சம்மதித்தாலும் பாதுகாப்பும் போக்குவரத்தும் முதலாளியின் பொறுப்பு. நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்த மாநிலமும் தமிழ்நாடுதான். இவை மீறப்பட்டால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.

கடையை மூடச் சொல்லிக் காவலர் வருவது இரவில் வழக்கமான காட்சி. சட்ட மீறல் இருந்தால் அவர் எச்சரிக்கலாம், வழக்குப் பதியலாம். அடிக்க அவருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை, கடைக்காரரையும் சரி, சாப்பிடுபவரையும் சரி. 2021 ஏப்ரலில் கோவை காந்திபுரத்தில் ஓட்டலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை உதவி ஆய்வாளர் ஒருவர் லத்தியால் அடித்தார். அப்போது ஊரடங்கு விதிப்படி இரவு 11 மணி வரை கடை திறந்திருக்க அனுமதி இருந்தது. மணி பதினொன்று ஆகவில்லை. கண்காணிப்புக் கேமரா காட்சி வெளியானதும் அவர் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றப்பட்டார். மாநில மனித உரிமை ஆணையம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு சாத்தான்குளத்தில், கடையைக் கூடுதல் நேரம் திறந்துவைத்ததாகச் சொல்லிக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததை நாடே அறியும். இத்தகைய அத்துமீறலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் மாநில மனித உரிமை ஆணையத்திடமும் முறையிடலாம். ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்.

மரியாதையும் உணவு உரிமையின் ஒரு பகுதி. சாதியைக் காரணம் காட்டி டீக்கடையிலோ ஓட்டலிலோ உட்காரவிடாமல் தடுப்பதும், தனிக் குவளையில் டீ தருவதும், பார்சல் மட்டும்தான் என்று வாசலிலேயே நிறுத்துவதும் 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். 14566 என்ற தேசிய உதவி எண் இதற்காகவே உள்ளது. இரவில் ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கும் ஊரில் இந்தக் குற்றத்தின் பொருள், ஒரு மனிதன் பட்டினி கிடப்பதுதான்.

விலைக்கு வருவோம். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், குளிர்பானம் போன்ற பொட்டலப் பொருளைக் கடையில் வாங்கும்போது அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கேட்கக் கூடாது. ‘நைட் ரேட்’, ‘கூலிங் சார்ஜ்’ என்று எதுவும் சட்டத்தில் கிடையாது. ஒரு விதிவிலக்கு உண்டு: ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகையில் மேசைக்குக் கொண்டுவந்து தரும் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதல் விலை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதனால் உட்காருமுன் விலைப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாத கடை ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. ரயில் நிலைய நடைமேடைக் கடையில் பில் தர மறுத்தால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயின் அறிவிப்பு. ஒரு லிட்டர் ரயில் நீர் விலை 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். அதிகம் கேட்டால் அந்த இடத்திலிருந்தே ரயில்வே உதவி எண் 139க்கு அழைக்கலாம்.

இரவு உணவின் பெரிய ஆபத்து வயிற்றில்தான். சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி, டெல்டாவின் சித்திரை வெக்கையில் இரவு பதினொன்றுக்கு எந்த நிலையில் இருக்கும் என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம். அடுப்பில் கொதித்தபடி இருக்கும் சால்னாவைவிட, ஆறிப்போய் ஏடு கட்டி நிற்கும் சால்னா ஆபத்தானது. கண்ணெதிரே சுட்ட தோசை, ஆவி பறக்கும் இட்லி, நன்றாக வெந்த ஆம்லெட் ஆகியவை இரவுக்கு ஏற்றவை. சட்னி புளித்த வாடை அடித்தால் இட்லிப் பொடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆப்பாயிலையும் கலக்கியையும் இரவில் தவிர்ப்பது நல்லது.

நெல் விளையும் நாட்டில் சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்போது சாவதில்லை. மதியம் வடித்த சோறு அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. இரவில் அதைக் கல்லில் போட்டுப் புரட்டி ஃபிரைடு ரைஸ் ஆக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். மதியம் செய்த பிரியாணிக்கும் இதே கதிதான். பழைய சோறு நல்லதாயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். நீரூற்றிப் புளிக்கவைத்த பழைய சோற்றில் உருவாகும் லாக்டிக் அமிலம் பல கிருமிகளை அடக்குகிறது. அண்டாவில் மூடிக்கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காப்பு இல்லை.

இறைச்சியில் அலட்சியம் உயிரையே பறித்திருக்கிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டலிலிருந்து வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கறி உள்ளே வேகாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் சட்டத்தில் வரம்பு உண்டு: மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை 2018 ஜூலை முதல் பயன்படுத்தக் கூடாது. கருத்து, நுரைத்து, புகையும் எண்ணெயில் பொரித்ததை வாங்காமல் இருப்பதே சாதாரண மனிதர் செய்யக்கூடிய சோதனை. செய்தித்தாளில் உணவைச் சுற்றித் தருவதை 2018ஆம் ஆண்டுப் பொட்டல விதிகள் தடுக்கின்றன. பிளாஸ்டிக் தாளில் உணவைக் கட்டித் தருவது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சூடான சாம்பாருக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோன பழைய வழக்கம் இங்கு மீண்டும் வரலாம்.

சாப்பிட்டபின் வாந்தியோ பேதியோ வந்தால் முதலில் உடலில் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும். மருந்துக்கடை மூடியிருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். மலத்தில் ரத்தம், குறையாத காய்ச்சல், சிறுநீர் நின்றுபோதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றாலும் காத்திருக்காமல் 108க்கு அழைக்க வேண்டும். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, நோயாளிச் சீட்டில் எழுதவைப்பது அவசியம். பிறகு இழப்பீடு கேட்கும்போது அந்தச் சீட்டுதான் முதல் சான்று.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் நள்ளிரவில் வந்து நிற்கப்போவதில்லை. ஆகவே இரவில் சான்றைச் சேர்த்து, காலையில் புகார் தருவதே நடைமுறைக்கு ஒத்த வழி. பில் கேட்டு வாங்க வேண்டும்; கடைகளின் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். பில் தராத கடை என்றால் கைப்பேசியில் பணம் செலுத்திய பதிவே நாளையும் நேரத்தையும் காட்டும். உணவையும் கடைப் பலகையையும் படமெடுத்துக்கொள்ளலாம். புகாரைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்; தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நியமன அலுவலரிடம் எழுதியும் கொடுக்கலாம். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் உரிமையைத் தருகிறது. வாங்கிய உணவை, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் யார் வேண்டுமானாலும் சோதனைக்குக் கொடுக்கலாம். 14 நாளுக்குள் அறிக்கை கிடைக்க வேண்டும். சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதே சட்டத்தின் 65ஆவது பிரிவு, உணவால் மரணம் நேர்ந்தால் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு மூன்று லட்சம் வரையிலும், மற்ற பாதிப்புகளுக்கு ஒரு லட்சம் வரையிலும் இழப்பீடு தரச் சொல்கிறது.

விலை, சேவை தொடர்பான குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதிடவும் முடியும். நெடுஞ்சாலை ஓட்டலில் ஏமாந்த வெளியூர்க்காரர் தன் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி.

கடையை ஒழிப்பதற்காகப் புகார் செய்ய வேண்டாம். பல தள்ளுவண்டிக்காரர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறாமல் இருப்பதற்குக் கெட்ட எண்ணம் காரணமில்லை. வழி தெரியாததுதான் காரணம். அவர்களுக்கு அதைச் சொல்லித்தருவது புகாரைவிடப் பயன் தரும். கூடவே, பூதலூர் ஒன்றியத்து ஊராட்சிகளின் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தருகே குடிநீர், விளக்கு, கழிப்பறை, இரவு உணவுக்கு ஒரு சுத்தமான கடை வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் தீர்மானம் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.