முண்டு என்றால் வேட்டியா?

திருவனந்தபுரத்தில் துணிகளின் தமிழ்ப் பெயரைக் கற்கப் புறப்பட்டால் திருவிதாங்கூரின் வரலாறும் சேர்ந்து வருகிறது

திருவனந்தபுரம் சாலை பஜார். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கடைவீதி. தமிழ் வியாபாரிகளுக்கு இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடைகள் உண்டு. மதுரைக்காரர் இங்கே வந்து 'துண்டு' கேட்கிறார். மலையாளி 'தோர்த்து' கேட்கிறார். நாகர்கோவில்காரர் கேட்பது 'துவர்த்து'. மூவருக்கும் கடைக்காரர் எடுத்துப் போடுவது ஒரே துணிதான்.

துவர்த்துதல் என்றால் ஈரம் போகத் துடைத்தல். குளித்துவிட்டுத் தலையைத் 'துவட்டும்' சென்னைவாசிக்கும் இந்தச் சொல் தூரத்து உறவு. இப்படி உறவு கொண்டாடும் சொற்கள் இந்த ஊரில் ஏராளம். மலையாளத்தின் 'நேரியது' குமரி மாவட்டத்தில் 'நேரியல்', அதாவது தோளில் போடும் மெல்லிய மேல்துணி. 'பாவாட' நம் பாவாடையேதான். லுங்கி இங்கே கைலி. எல்லை தாண்டி நெல்லைப் பக்கம் போனால் சாரம்.

சிக்கல், பெயரோடு நிற்பதில்லை. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்துவிட்டு வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆங்கிலத்தில் உடம்பில் எது ஏறினாலும் ஒரே வினைச்சொல் போதும். தமிழில் வேட்டியைக் கட்ட வேண்டும், சட்டையைப் போட வேண்டும், சேலையைக் கட்டலாம் அல்லது உடுத்தலாம். மலையாளத்தில் முண்டை உடுக்கிறார்கள், ஷர்ட்டை இடுகிறார்கள். 'சட்டை கட்டினேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் ஊரிலிருந்து வந்த பாட்டி சிரிப்பாள். தைக்காமல் சுற்றுவதற்குக் 'கட்டு', தைத்து மாட்டுவதற்குப் 'போடு' என்பது பெரும்பாலும் பொருந்தும் விதி. பாவாடை தைத்ததுதான், ஆனால் நாடாவால் இறுக்குவதால் அதையும் கட்டவே செய்கிறோம்.

தறியிலிருந்து அறுத்ததைத் தைக்காமலே உடுத்திய பழக்கம் பழைய பெயர்களிலும் பதிந்திருக்கிறது. துணிப்பது துணி, துண்டிப்பது துண்டு, அறுப்பது அறுவை. சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். இன்றைய கணக்கில் ஜவுளி வியாபாரி. 'அறுவை' பிற்பாடு ஆஸ்பத்திரிக்கும் சலிப்பூட்டும் பேச்சுக்கும் போய்விட்டது.

சொற்கள் துணியோடு எப்படிப் பயணம் செய்கின்றன என்று பார்க்க நாகர்கோவில் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலராமபுரத்துக்குப் போக வேண்டும். மன்னர் பாலராமவர்மா (1798-1810) காலத்தில் திவான் உம்மிணித் தம்பி, தமிழ் பேசும் சாலியர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் இது. அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்வது அவர்கள் வேலை. கேரளத்தின் அடையாளமாக இன்று உலகம் அறிந்த கசவு முண்டும் நேரியதும் புகழ்பெற்றதில் இந்தத் தெருக்களின் தமிழ்க் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது இங்கே பழைய காட்சி. பாவு, ஊடு, குழித்தறி, கரை என்று தறியைச் சுற்றியுள்ள சொற்கள் இரண்டு மொழிக்கும் பொது. துணி கடைக்குப் போன பிறகுதான் பெயர்கள் பிரிகின்றன. நாம் சரிகை என்பது அங்கே கசவு.

முண்டு என்றால் வேட்டி என்று எழுதி வைத்துக்கொள்பவர் இங்கேதான் தடுமாறுகிறார். முண்டும் நேரியதும் பெண்களின் உடை. தமிழில் எந்தப் பெண்ணும் வேட்டி கட்டியதாகச் சொல்வதில்லை. மலையாளத்தில் முண்டு என்பது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான துணி. இடுப்புக்கும் உண்டு, தோளுக்கும் உண்டு. தோளில் போட்டால் மேல்முண்டு.

அந்த மேல்முண்டுக்காகத்தான் தெற்குத் திருவிதாங்கூர் அரை நூற்றாண்டு கொந்தளித்தது. நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போல மார்பை மறைத்து மேல்துணி அணியக்கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. கிறிஸ்தவத்தில் சேர்ந்த பெண்கள் உடலை மறைக்கலாம், ஆனால் 'குப்பாயம்' என்ற சட்டையால் மட்டுமே மறைக்கலாம் என்றது அரசு. 1829-ல் வந்த அரச அறிவிப்பும் இதையே உறுதிப்படுத்தியது. மறைப்பதில் ஆட்சேபம் இல்லை. எதனால் மறைப்பது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருந்தது. பெண்கள் தோள்சீலையை விடவில்லை. சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, கலவரம் மூண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பிறகு 1859 ஜூலை 26-ல் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் சட்டை போடலாம், முரட்டுத் துணியும் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களின் பாணியில் மட்டும் அணியக்கூடாது! கொடுத்த உரிமையிலும் ஒரு முடிச்சு.

குப்பாயம், மேல்முண்டு, தோள்சீலை. 'மேலாடை வகைகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் பட்டியல் போட்டுவிடலாம். ஒன்றை அணிந்தவளுக்கு அனுமதி, இன்னொன்றை அணிந்தவளுக்கு அடி என்பது பட்டியலில் வராது. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக 1926-ல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை, அதற்கு முன் இதே திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர். சொற்களுக்கு வழக்கும் உண்டு, வழக்காடலும் உண்டு என்பதை இந்த ஊரைவிட நன்றாகச் சொல்லித்தரும் ஊர் குறைவு.

இன்று பெண்கள் எதை உடுத்துவது என்று சட்டம் போட இங்கே மன்னர் இல்லை. சுடிதாரும் நைட்டியும் இரு மொழியிலும் ஒரே பெயரோடு சாதி பார்க்காமல் வலம் வருகின்றன. கவலை வேறு இடத்தில். விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிகிறது. பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் கைத்தறியில் கூலி கட்டுபடியாகாமல் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். தறி நின்றால் பாவும் ஊடும் அகராதியில் மட்டும் இருக்கும். பிள்ளைகளுக்கு உடைப் பெயர் கற்றுத்தர நினைக்கும் திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பெற்றோர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போகலாம். தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது.