மழை வந்தால் வைஃபை போகுமா?

கிழக்கில் மாரி தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு முறைப்பாடுகள் கேட்கும். ஒன்று, உடுப்புக் காயவில்லை என்று உம்மா சொல்வது. மற்றது, வைஃபை வேலை செய்யவில்லை என்று நாங்கள் சொல்வது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமென்று கடந்த வருடம்வரை எனக்குத் தெரியாது.

அந்த நவம்பரில் இணைய வகுப்பில் பௌதிகவியல் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வந்தது. கத்தாரிலிருந்து வாப்பா எடுக்கும் வீடியோ அழைப்பிலும் அவருடைய முகம் அப்படியே நின்றுவிடும். "பெரிய பெக்கேஜ் ஒண்டு போடுவம் மகள், நான் காசு அனுப்புறன்" என்றார். அந்தக் காசு எவ்வளவு பாடுபட்டு வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மாறுவோம் என்று சொல்லிவிட்டேன்.

மழைத்துளிகள் வைஃபை அலையை விழுங்கிவிடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அடைமழையில் டிஷ் அன்டெனாவின் படம் நின்றுபோவதைப் பார்த்து வந்த எண்ணம் அது. அந்த அலைகள் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவை. அலைநீளம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். அவை பல கிலோமீற்றர் மழையை ஊடறுத்து வரவேண்டும். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 அல்லது 5 கிகாஹேர்ட்ஸில் இயங்குகிறது. அலைநீளம் ஏறத்தாழ 12 அல்லது 6 சென்ரிமீற்றர். போகும் தூரமும் சில மீற்றர்கள்தான். வெளியே பெய்யும் மழை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் பிழை எங்கே? ஒரு சிறிய சோதனை போதும். வீட்டில் வேறு யாரும் பாவிக்காத நேரத்தில், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியில் வேகத்தை அளக்க வேண்டும். பிறகு படிக்கும் அறையில் அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் மோசமென்றால் பிழை வெளியே இருந்து வருகிறது. பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால் பிழை வீட்டுக்குள். அதை எந்தப் பெரிய பெக்கேஜாலும் சரிசெய்ய முடியாது.

என் அறையில் வேகம் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஏனென்று யோசித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் நான் விறாந்தையில், ரவுட்டருக்கு அருகிலேயே இருந்து படிப்பேன். மாரியில் சாரல் அடிப்பதால் பின்னறைக்குப் போய்விடுவேன். இடையில் இரண்டு சுவர், ஓர் இரும்பு அலுமாரி. போதாததற்கு மண்டபத்தின் குறுக்கே கயிறு கட்டி, ஈரமான கட்டில் விரிப்புகளையும் அபாயாக்களையும் உம்மா காயப்போட்டிருந்தார். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையால்தான். ஊறிய சுவரும் காய்ந்த சுவரைவிட அதிகம் தடுக்கும். ஆனாலும் பெரிய குற்றவாளி அலுமாரிதான். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

ரவுட்டரை வீட்டின் நடுவே, புத்தக அலுமாரியின் மேல் உயரத்தில் வைத்தேன். பின்னறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸைத் தெரிவு செய்தேன். அது சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு 5 வேகமானது. மழைக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உள்ளேயே இருப்பதால் அயல்வீட்டு அலைகளின் நெரிசலும் கூடும். 2.4இல் 1, 6, 11 ஆகிய சனல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் நெரிசல் குறைந்ததைப் போட்டேன். கயிற்றைக் குசினிப் பக்கம் மாற்றச் சொன்னபோதுதான் உம்மா சண்டைக்கு வந்தார். "இன்டர்நெட்டுக்கும் என்ட உடுப்புக்கும் என்னடி சம்பந்தம்?" அதற்கும் வேகத்தை அளந்து காட்டவேண்டி வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் சில நாட்களில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வேகம் விழுந்தது. எங்களுடையது பழைய செப்புக் கம்பி இணைப்பு. கம்பத்திலுள்ள மூட்டில் தண்ணீர் இறங்கினால் சமிக்ஞையில் இரைச்சல் கலந்துவிடும். வீட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தேன். கரகரவென்ற சத்தம். "இன்டர்நெட் ஸ்லோ" என்று இருமுறை முறைப்பாடு செய்தும் யாரும் வரவில்லை. "தொலைபேசியில் இரைச்சல்" என்று சொன்ன மூன்றாம் முறைதான் ஒருவர் வந்து மூட்டைப் புதிதாகக் கட்டிவிட்டுப் போனார். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழையில் ஒளி போவதால் இந்தத் தொல்லை இல்லை. 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலோரம் வைத்துப் பார்க்கலாம்.

மின்னல் வேறு விடயம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி அதிகம். எங்கள் முந்தைய ரவுட்டர் அதில்தான் கருகியது. ஃபைபர் வீடுகளிலும் மின்சார வயர் வழியே ஆபத்து வரலாம். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. வானம் கறுக்கும்போதே வாப்பாவுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு, மின்சார வயரையும் தொலைபேசி வயரையும் கழற்றி வைத்துவிடுகிறோம்.