பாட்டியின் முகம் எத்தனை பிக்சல்?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. கன்னியாகுமரிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று திரும்பிய குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. நான்கு பேர் நான்கு திறன்பேசிகளில் எடுத்தவை. ஒரே நாளில் இருநூறு, முந்நூறு படங்கள். விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகில் ஒன்று, திருவள்ளுவர் சிலையின் காலடியில் ஒன்று, சூரியன் மறையும் வேளையில் கடற்கரையில் எல்லோரும் சேர்ந்து நின்ற ஒன்று. பார்க்கிறோம், மகிழ்கிறோம், இதயக் குறி ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

சிக்கல் பல மாதங்களுக்கு, சில வேளை பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவருகிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு, புதுவீட்டின் கூடத்துக்கு, அல்லது யாரும் எதிர்பாராத ஒரு காலையில் மாலை போட்டு வைப்பதற்கு, ஒரு பெரிய படம் தேவைப்படுகிறது. குழுவில் தேடி எடுத்த படத்தை ஸ்டுடியோவில் கொடுக்கிறோம். அதைக் கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பவர் தயங்கியபடியே கேட்கிறார்: “இது வாட்ஸ்அப்ல வந்ததுங்களா? ஒரிஜினல் யார்கிட்டயாவது இருக்குமா?”

அந்தக் கேள்விக்குப் பல குடும்பங்களில் பதில் இருப்பதில்லை. திரையில் அவ்வளவு அழகாகத் தெரிந்த படம் சுவருக்கு ஏன் உதவுவதில்லை? காரணம் ஓர் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. விடுமுறைப் படங்கள் கைவசம் இருக்கும்போதே அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

திரையும் தாளும்

டிஜிட்டல் படம் என்பது சின்னஞ்சிறு வண்ணக் கட்டங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். இன்றைய திறன்பேசிகள் பொதுவாக அகலவாக்கில் 4,000, உயரவாக்கில் 3,000 என்ற அளவில் படத்தைப் பதிவுசெய்கின்றன. பெருக்கினால் 1.2 கோடி பிக்சல். அதாவது 12 மெகாபிக்சல். விளம்பரங்களில் 50, 108, 200 மெகாபிக்சல் என்று பெரிய எண்களைக் காண்கிறோம். அத்தகைய கருவிகளும் வழக்கமான பயன்பாட்டில் நான்கு, ஒன்பது அல்லது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தையே பெரும்பாலும் தருகின்றன.

அந்தப் படத்தைத் திறன்பேசித் திரையில் பார்க்கும்போது என்ன நடக்கிறது? பல திரைகளின் அகலம் 1,080 பிக்சல். நிமிர்த்திப் பிடித்த திரையில் அகலவாட்டுப் படம் 1,080-க்கு 810 என்ற அளவில், அதாவது சுமார் 8.75 லட்சம் பிக்சல்களில் தெரிகிறது. மற்றவற்றுக்குத் திரையில் இடமே இல்லை. எனவே, 1.2 கோடி பிக்சல் கொண்ட மூலப்படமும் 20 லட்சம் பிக்சல் கொண்ட பிரதியும் கைக்குள் ஒன்றுபோலவே தோன்றும். படம் நன்றாக இருக்கிறது என்று நாம் எடுக்கும் முடிவு, அந்தச் சிறிய திரை சொல்லும் சாட்சியத்தை மட்டுமே நம்பி எடுக்கப்படுவது.

தாளின் நிலை வேறு. ஓர் அடி தொலைவில் வைத்துப் பார்க்கும்போது, நல்ல பார்வையுள்ள ஒருவரால் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 290 புள்ளிகள் வரை தனித்தனியே பிரித்தறிய முடியும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சுத் தொழிலில் வழங்கிவரும் அளவுக்கு இதுவே அடிப்படை. இதன்படி, ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200-க்கு 1,800 பிக்சல் போதும். சுமார் 22 லட்சம். ஏ4 தாள் அளவுக்கு 2,480-க்கு 3,508 தேவை. சுமார் 87 லட்சம்.

பார்க்கும் தொலைவு கூடினால் தேவை குறையும். மூன்று அடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு அங்குலத்துக்கு 100 பிக்சல்கூடச் சமாளித்துவிடும். 150 இருந்தால் கவலையே இல்லை. படத்தின் விவரக் குறிப்பில் 72, 300 என்று பதிவாகியிருக்கும் டிபிஐ எண்ணைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. அது எத்தனை பெரிதாக அச்சிடலாம் என்பதற்கான குறிப்பு மட்டுமே. 72-ஐ 300 என்று மாற்றி எழுதுவதால் இல்லாத பிக்சல் ஒன்றுகூடப் புதிதாக வந்துவிடாது.

அனுப்பும்போது கழிவது

வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் படத்தை அனுப்பும்போது, தரவுச் செலவைக் குறைக்க அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, படத்தைச் சிறிதாக்குவது. படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1,600 முதல் 2,000 பிக்சல் வரையிலான அளவுக்கு இறக்கப்படுகிறது. 4,000-க்கு 3,000 என்றிருந்தது 1,600-க்கு 1,200 ஆனால், எஞ்சுவது 19.2 லட்சம் பிக்சல். ஆறில் ஐந்து பங்குக்கும் மேல் கழிந்துவிட்டது.

இரண்டாவது, எஞ்சியதை இறுக்கிச் சுருக்குவது. 1992-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக் முறை இதைச் செய்கிறது. இதன் மையத்தில் இருக்கும் கணிதத்தை 1974-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழிப்பது இம்முறை. வெளிச்ச வேறுபாட்டைக் கூர்ந்து உணரும் நம் கண், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாக உணர்வதில்லை என்பதும் இதில் பயன்படுத்திக்கொள்ளப்படுகிறது.

அளவோடு செய்தால் இது அற்புதமான தொழில்நுட்பம். இணையத்தில் படங்கள் இவ்வளவு வேகமாக உலவ இதுவே காரணம். அளவு மீறினால் சேலையின் சரிகை மங்கும், தோலின் இயல்பான வரிகள் மெழுகுபோல் வழவழப்பாகும், தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாகும். வந்த படத்தைச் செதுக்கி மீண்டும் அனுப்பும்போது இந்தச் சுருக்கம் மறுபடியும் நிகழ்கிறது. ஸ்டேட்டஸில் கண்ட படத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்துவைப்பது எல்லாவற்றையும்விட மோசம். திரையில் தெரிந்த சில லட்சம் பிக்சல்கள் மட்டுமே அதில் மிஞ்சும்.

கூட்டப் படத்தில் ஒரு முகம்

இனி, கடற்கரையில் எல்லோரும் சேர்ந்து நின்ற அந்தப் படத்துக்கு வருவோம். நடுவில் பாட்டி. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தலையும் தோளும் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் அந்த முகத்தை மட்டும் தனியே எடுத்து, 8 அங்குல அகலத்தில் சட்டமிட்டு மாட்ட விரும்புகிறோம்.

மூலப்படத்தில் அந்தப் பகுதியின் அகலம் 800 பிக்சல். 8 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 100. மூன்று அடி தள்ளி நின்று பார்த்தால் தெளிவாகவே இருக்கும். வாட்ஸ்அப் பிரதியில் அதே பகுதி 320 பிக்சல், அங்குலத்துக்கு 40. கூடத்தின் மறுமூலையில் நின்றால் ஒருவேளை தெளிவாகத் தோன்றலாம். அருகில் சென்று முகத்தைப் பார்க்க விரும்புபவருக்கு முகம் கிடைக்காது. கட்டங்களும் மங்கலும்தான் கிடைக்கும்.

மென்பொருளால் சரிசெய்துவிட முடியாதா என்று கேட்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கிய படங்களைக் கூர்மையாக்கும் செயலிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால், தொலைந்த விவரத்தை அவை மீட்டெடுப்பதில்லை. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிய அனுபவத்திலிருந்து, இந்த இடத்தில் ஒரு கண் இப்படி இருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. வெளியாள் பார்த்தால் படம் கச்சிதமாக இருக்கும். கூடவே வாழ்ந்தவர்கள் பார்த்தால், “நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மா மாதிரி இல்லையே” என்பார்கள். இழப்பின் நேரத்தில் ஒரு குடும்பம் கேட்க விரும்பாத சொற்கள் அவை.

மூலப்படம் எப்படித் தொலைகிறது?

படத்தை எடுத்தவரின் திறன்பேசியில்தான் மூலப்படம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கு மட்டுமே இருக்கிறது. நினைவகம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வரும்போது, பெரிய கோப்புகள் முதலில் கண்ணில் படுகின்றன. ‘குழுவில்தான் எல்லாமே இருக்கிறதே’ என்ற நம்பிக்கையில் அவற்றை நீக்கிவிடுகிறோம். சுருங்கிய பிரதிகள் தங்கிவிடுகின்றன. கருவி பழுதாகும்போதும் திருட்டுப்போகும்போதும் புதிதாக மாற்றும்போதும் இதே கதைதான். குழு உரையாடலை மீட்டெடுத்தாலும் திரும்பக் கிடைப்பவை பிரதிகளே.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தான் எடுக்க முடிந்தது. கழுவிய பிறகு, நெகட்டிவ் துண்டுகள் ஆல்பத்தின் பின்னுறையில் பத்திரமாக இருந்தன. படம் யாரிடம் போனாலும் மூலம் வீட்டில் இருந்தது. இன்று முந்நூறு படங்கள் எடுக்கிறோம். நெகட்டிவுக்கு நிகரானது எது என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெரிய செலவோ தொழில்நுட்ப அறிவோ தேவையில்லை. பயணம் முடிந்த அந்த வாரத்திலேயே, எல்லோருடைய மூலப்படங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும். வாட்ஸ்அப்பிலேயே படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் இணைத்து அனுப்பினால், ஒரு பிக்சலும் குறையாமல் போய்ச் சேரும். 2023 ஆகஸ்டில் அறிமுகமான ‘எச்டி’ தேர்வு வழக்கமான முறையைவிட மேலானது. எனினும் அதுவும் மூலப்படம் ஆகாது. கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி இணைப்பைப் பகிரலாம். கூகுள் போட்டோஸைப் பயன்படுத்துபவர்கள், அதன் அமைப்பில் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு, வீட்டில் ஒரு வன்தட்டிலும் ஒரு படி இருப்பது பாதுகாப்பு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூலப்படத்தின் கோப்பில், எடுத்த தேதி மட்டுமன்றி, எடுத்த இடமும் பதிவாகியிருக்கக்கூடும். உறவினர்களுக்குள் இது பயனுள்ள தகவல். முன்பின் அறியாதவர்களுக்கு, குறிப்பாக வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களை, அப்படியே அனுப்பக் கூடாது.

அச்சிடக் கொடுக்கும் முன் படத்தின் விவரப் பகுதியைத் திறந்து, நீளப் பக்கத்தின் பிக்சல் எண்ணைப் பாருங்கள். ஆல்பத்துக்கு என்றால் 300-ஆலும் சுவருக்கு என்றால் 150-ஆலும் வகுங்கள். கிடைக்கும் விடைதான், அந்தப் படம் தாங்கக்கூடிய அங்குல அளவு. 4,000 பிக்சல் கொண்ட மூலப்படம் ஆல்பத்தில் 13 அங்குலம் வரையிலும் சுவரில் 26 அங்குலம் வரையிலும் நிற்கும். 1,600 பிக்சல் பிரதி முறையே 5 அங்குலமும் 10 அங்குலமும்தான்.

திறன்பேசிப் படம் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கிறது. 6-க்கு 4 அங்குலத் தாளின் விகிதமோ 3-க்கு 2. விளிம்பு விடாமல் அச்சிட்டால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். உயரமானவரின் தலையோ முன்னால் அமர்ந்த குழந்தையின் காலோ அதில் போய்விடலாம். எங்கே வெட்டுவது என்பதை ஸ்டுடியோவில் நாமே சொல்லிவிடுவது நல்லது. திரை தானே ஒளிர்வது, தாள் தன்மீது விழும் ஒளியைத் திருப்பித் தருவது. ஆகவே அச்சில் படம் சற்று இருண்டே தெரியும். பெரிய படத்துக்கு முன் சிறிய அளவில் ஒன்றை அச்சிட்டுப் பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பெரும்பாலான கருவிகளில், விரல்களால் விரித்து நெருக்கிக் காட்டும் டிஜிட்டல் ஜூம், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இரு மடங்கு நெருக்கினால் மிஞ்சுவது கால் பங்கு. அதற்குப் பதில் நான்கடி முன்னால் நடக்கலாம். எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்தை எடுத்த பின், வீட்டுப் பெரியவர்களை மட்டும் நிழலில் அமரவைத்து, அருகில் சென்று தனித்தனியே ஒரு படம் எடுங்கள். மேலே பார்த்த கணக்கில் இதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை.

சுவரில் ஒரு படம்

இணையத்தின் அடிப்படைத் தகவல் தொடர்பு நெறிகளை வடிவமைத்தவர்களுள் ஒருவரான விண்ட் செர்ஃப், நம் காலத்தின் டிஜிட்டல் பதிவுகள் எதிர்காலத்தில் திறக்க முடியாதவை ஆகிவிடக்கூடும் என்று 2015-இல் எச்சரித்தார். உண்மையிலேயே பொருட்படுத்தும் படங்களைத் தாளில் அச்சிட்டுவையுங்கள் என்பதே அவர் தந்த அறிவுரை. இணையத்தை உருவாக்கியவரே தாளைப் பரிந்துரைத்தது யோசிக்க வேண்டிய செய்தி.

முந்நூறையும் அச்சிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பயணத்திலிருந்தும் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, பின்புறத்தில் இடத்தையும் தேதியையும் எழுதி ஆல்பத்தில் வைத்தால் போதும். மற்றவற்றின் மூலப்படங்கள் ஓரிடத்தில் இருக்கட்டும். பாட்டி அருகில் இருக்கும்போதே அந்தக் கடற்கரைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவர் கையில் கொடுக்கலாம். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவர் விரல் வைத்துப் பார்ப்பார். படம் எடுத்ததன் பயன் அதுதான்.