உஷார்! காற்றுதான் குளிர்ந்தது, கடல் குளிரவில்லை

செப்டம்பர் முதல் திங்கள், லேபர் டே விடுமுறை முடிந்ததும் கோடை போய்விட்டது என்று அமெரிக்காவில் சொல்லிக்கொள்வார்கள். மெக்சிகோ வளைகுடாக் கரையில், டெக்சாஸின் கால்வெஸ்டன் முதல் ஃப்ளோரிடாவின் டாம்பா வரை, தூண்டில்காரர்களுக்கு அதன் பிறகுதான் கொண்டாட்டம். மடவைக் கூட்டம் கரையோரமாக நகரும். அதைத் துரத்திக்கொண்டு ரெட்ஃபிஷ் முழங்கால் தண்ணீருக்கே வந்துவிடும். படகு வேண்டாம், அரைக்கால் சட்டையோடு இறங்கி நின்று வீசினால் போதும்.

அந்த முழங்கால் தண்ணீரில்தான் ஆபத்து இருக்கிறது.

விடியற்காலைக் காற்று சிலுசிலுக்கலாம். ஆனால் கோடை முழுக்கச் சூடேறிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்த, வெதுவெதுப்பான கழிமுகங்கள்தான் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா பெருகுவதற்குத் தோதான இடம். மே முதல் அக்டோபர் வரை இதன் காலம். அது உள்ளே நுழையக் கீறல் ஒன்று போதும்: செருப்புக் கடி, சவரக் காயம், கொசு கடித்துச் சொறிந்த இடம். உடம்பில் காயமே இல்லாமல் இறங்கினாலும் மீன்பிடிக்கும்போது ஒன்று உண்டாகிவிடும். தூண்டிலில் கோக்கும் உயிர் இறாலின் கொம்பு குத்தும், கெளுத்தி முள் ஏறும், சிப்பியின் விளிம்பு கிழிக்கும். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும்.

இந்தத் தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார், சிலர் ஓரிரு நாளுக்குள்ளேயே. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காலை எடுக்க வேண்டியிருக்கிறது.

புயல் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரையேறிய ஃப்ளோரிடாவில் அந்த ஆண்டு 74 பேருக்கு இந்தத் தொற்று, 17 பேர் மரணம். ஹெலீன் புயல் அடித்த 2024இல் 82 பேர், 19 மரணம். வெள்ளமும் சாக்கடையும் கடலில் கலந்து கிடக்கும் நேரம் அது. புயல் ஓய்ந்த கையோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், தண்ணீரில் இறங்காதீர்கள். வடக்கே இருப்பவர்களும் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில்கூட உயிர்கள் போனபின், 2023 செப்டம்பர் 1 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

ஹூஸ்டனுக்கும் டாம்பாவுக்கும் பிள்ளைகளோடு சில மாதம் தங்கப் போகிற நம் ஊர்ப் பெற்றோரை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. வார இறுதியில் பேரன் மீன் பிடிக்க, தாத்தாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிடுவார். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குச் சிப்பி கீறியதே தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், எல்லோரையும்விடக் கல்லீரல் நோயாளிகள், மரப்பாலத்தின் மேலிருந்தே வீசட்டும். பச்சைச் சிப்பியைத் தின்பதும் இவர்களுக்கு விஷம்தான்.

மற்றவர்கள் கணுக்கால் மூடிய காலணி போடாமல் இறங்க வேண்டாம். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை விலகிப் போகும். நண்டையும் மீனையும் கையுறையோடு தொடுங்கள். குடிதண்ணீரும் சோப்பும் கையோடு இருக்கட்டும். முள் குத்திய அந்த நிமிஷமே கழுவ வேண்டும், கடல் தண்ணீரில் அலசுவது கழுவியதாகாது.

வீடு திரும்பியபின் கவனியுங்கள். சின்னக் காயத்துக்குப் பொருந்தாத பெரிய வலி, பரவிக்கொண்டே போகும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல், கருநீலக் கொப்புளம் என்று எது தெரிந்தாலும் மஞ்சள் பத்து போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். உப்புத் தண்ணீரில் நின்றேன், காயம் பட்டது என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் சந்தேகிக்க வேண்டியதைச் சந்தேகித்துச் சரியான மருந்தை உடனே தொடங்குவார்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி பில் எவ்வளவு வருமோ, இன்சூரன்ஸ் கொடுக்குமோ என்று பயந்து அப்பா வலியை மறைப்பார். கடலுக்குப் போய் வந்த ராத்திரி அவர் காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், மறுநாளும் பாருங்கள்.